ஏழாவது லேன்

இரண்டு லேனுக்கு நடுவே எழும்பி நிற்கும் சிமெண்டுத் திட்டுக்கு
எங்கள் கம்பெனி ரிஜிஸ்டரில் ஐலண்ட் என்று பெயர்.
திட்டின் மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி,
பெட்டிக்குள் நான்,
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை.
கிருஷ்ணகிரி டோல்கேட்டில் இப்படி வரிசையாகத் தீவுகள்.
செல்போன் லாக்கரில். புத்தகம் கூடாது.
எஃப்எம் வைத்துக் கேட்ட பழைய ஆளை
அனுப்பிவிட்டார்கள்.

அதனால்தான் சிரிப்பு வந்தது,
மூன்று மணி டீயில் திம்மராயன் கேட்டபோது:
ஆளில்லாத தீவுக்கு அனுப்பறாங்க,
பொழுதுபோக ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டுப் போலாம்,
எது?

அவரே முதலில் சொன்னார், ஒரு கிரிக்கெட் மேட்ச்.
ஜெயிச்சதா சார்?
சேச்சே, கடைசிப் பந்துல தோத்தது.
ஜெயிச்சத ரெண்டு தரம் பாத்தா தீந்துடும்.
தோத்ததுன்னா ஒவ்வொரு தடவையும்
இந்த முறையாச்சும்னு உக்காரலாம்.

நஸ்ரீன் ஆயிரத்து எழுநூறு எபிசோட் ஓடிய சீரியல் கேட்டாள்,
கடைசி எபிசோடை மட்டும் கழித்துவிட்டு.
எல்லாரும் ராசியாயிட்டா
அந்த வீட்டுல எனக்கென்ன வேலை?

மாதப்பன் பாலக்கோட்டுப் பக்கம்.
விடிய விடியக் கூத்து வேண்டும் அவனுக்கு,
அதிலும் ராஜா வருமுன்னே கட்டியங்காரன் அடிக்கிற லூட்டி போதும்.
கட்டியங்காரன் ஆளாச்சேடா, அவனக் கூட்டிட்டுப் போனா
ஆளில்லாத தீவு எப்படி ஆகும்?
மாதப்பன் யோசித்தான்.
வேஷம் கட்டினப்புறம் அவன்
ஆள் கணக்குல வரமாட்டான் என்றான்.
டீ ஆறும்வரை வழக்கு நடந்தது.

நீ? என்றார்கள்.
எனக்குச் சொல்ல வரவில்லை.

என் ஜன்னலில் ஒரு லாரிக்கு எட்டு வினாடி.
ஸ்டிக்கரைக் கேமரா படிக்கும், கட்டை உயரும், போய்விடும்.
அதற்குள் டிரைவர் பக்கமிருந்து வழிகிற பாட்டு,
தெலுங்கு, கன்னடம், தமிழ், புரியாத இந்தி,
என்ன படமோ யார் குரலோ
நடுவில் பிய்த்த ஒரு துண்டு.
மூன்று வருஷத்தில் இங்கே
ஒரு பாட்டையும் முழுதாய்க் கேட்டதில்லை.

ஒரு துண்டு மட்டும் அடிக்கடி வரும்.
ஓசூர் ரோஜா ஏற்றிய வண்டியிலும் வரும்,
கிரானைட் பாளம் கட்டிய டிரெய்லரிலும் வரும்.
ஒரு பெண், அப்புறம் என்று இழுப்பாள்.
கட்டை உயரும்.
அப்புறம் என்ன என்று நானே கட்டிக்கொள்வேன்.
ஒருநாள் கோபித்துக்கொண்டு பர்கூர் பஸ் ஏறுவாள்.
ஒருநாள் யாரோ செத்ததை யாருக்கோ சொல்லாமல் மறைப்பாள்.
மழை பெய்கிற இரவென்றால்
ஒன்றுமே சொல்லாமல் அந்த இழுப்பிலேயே நிற்பாள்,
வைப்பர் போய்ப் போய் வரும்.

இன்று நாலரைக்குப் பெங்களூரா மாங்காய் லாரி.
ஸ்டிக்கரில் பணமில்லை.
உள்ளே அதே பெண், அதே இழுப்பு.
ரொக்கமென்றால் இரட்டிப்பா என்று முணுமுணுத்து
டிரைவர் நோட்டை நீட்டிவிட்டார்.
நான் வண்டி நம்பரைத் தப்பாக அடித்தேன்.
அழித்தேன்.
மறுபடி தப்பாக அடித்தேன்.
பின்னால் நாலு வண்டி ஹாரன்.

அப்புறம் அவன் வருவானாம்.
அவ்வளவுதான்.
வருவான் வருவான் என்று நாலு பேர் கூடப் பாடினார்கள்,
ஒரு புல்லாங்குழல் வேறு.

மீதியைக் கொடுத்தேன். கட்டை உயர்ந்தது.
மாங்காய்ப் பால் வாசனை மட்டும்
லேனில் கொஞ்சநேரம் பணம் கட்டாமல் நின்றது.

விடிந்து லாக்கரில் செல்போன் எடுக்கையில்
திம்மராயன் விடவில்லை.
என்னம்மா, தீவுக்கு?
எட்டு வினாடி, என்றேன்.
எதுல எட்டு வினாடி?
சொல்ல வாயெடுத்தேன்,
காவேரிப்பட்டினம் பஸ் வந்துவிட்டது.